இவள் நடிக்கவில்லை

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். இருக்கிறோம்.

எழுத்தைப் பார்த்து, கோழியை மையில் முக்கி நடக்கவிட்டிருக்கிறாள் என்று நினைக்காதே. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது உனக்குத் தெரிந்ததுதான். இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆகியிருக்கிறது. போன் எதற்கு இருக்கிறது என்று கேட்பாய். நீ எடுத்தால்தானே? அப்பா கூப்பிட்டால் எடுக்கிறாய். அவர் சாப்பிட்டியா என்கிறார், நீ ம் என்கிறாய். அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்டுக்கொண்டு நாலு நிமிடம் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் கிட்டே போய் போனை வாங்கினால் லைன் போய்விடுகிறது. அங்கத்து டவருக்கு என் குரல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எங்கள் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் துளை போடுகிற காஜா மெஷினில் உட்காரும் பெண்ணின் அண்ணன் அந்தப் பக்கம் வேலைக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார். கிழிக்கத்தான் முடியும். முழுசாக வாசித்துவிட்டு அப்புறம் கிழி.

கம்பெனியில் என்னை வேறு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறேன். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் என் விரல் தடுக்கி நிற்கும். நூறு சட்டை வந்ததா என்று எண்ணிச் சொல்ல மெஷின் இருக்கிறது. காலர் கோணலா என்று சொல்ல நான்தான் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் எத்தனை தடவை திமிராகப் பேசியிருக்கிறேன். போன வாரம் மூன்று கோணல் காலர் என் கையைத் தாண்டிப் போய்விட்டது. அவர் திட்டவே இல்லை. "கொஞ்ச நாள் மடிக்கிற மேசையில உட்காருங்கக்கா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சின்னவள் போய் நேற்றோடு ஏழு வாரம். காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று மட்டும் அப்பா உன்னிடம் சொன்னார். உனக்கு லீவும் கிடைக்கவில்லை, தங்கச்சி முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் முடியவில்லை. என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. கேட்டால் நாம் சிரித்ததெல்லாம் திரும்பி வரும் என்று உனக்குப் பயம். அதனால்தான் என் குரலைக் கேட்டதும் வைக்கிறாய். நான் உன்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறேன்.

அவளுக்கு ஒரு வயதில் கைவிரல் பத்தும் புஸ்ஸென்று வீங்கினது ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்து நாம் சிரித்தோம். பக்கத்து வீட்டுப் பாப்பாவின் கையோடு சேர்த்து வைத்துப் போட்டோ கூட எடுத்தோம். அப்புறம் ஆறு வயதிலிருந்து கால் வலி, இடுப்பு வலி. மழையில் நனைந்தால் வரும், தண்ணீரில் ஆடினால் வரும், ஓடிக் களைத்தால் வரும். கத்துவாள், சுருண்டு படுப்பாள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஒன்றும் நடக்காததுபோல எழுந்து உன் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் ஆடுவாள். வலி வந்த பிள்ளை இப்படியா ஆடும்? நான்தான் பேர் வைத்தேன். நாடகம். தெருவே பிடித்துக்கொண்டது. கடைக்காரர் "நாடகம் வந்தாச்சா, என்ன வேணும்" என்பார். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நீயும் போனில் "நாடகக் கம்பெனி எப்படி ஓடுதும்மா" என்று கேட்பாய். ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். அந்த வார்த்தை என் வாயில் பிறந்தது. நீ என்னிடமிருந்து எடுத்துச் சொன்னாய், அவ்வளவுதான். அதைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொள்ளாதே.

டாக்டரிடம் போகாமலா இருந்தோம்? மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள். மூன்று தடவையும் மெஷினிலிருந்து ஒரு சீட்டு வந்தது, ரத்தம் குறைவு என்று. இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். பல் கறுத்ததுதான் மிச்சம். அதற்கும் ஒரு கிண்டல் பண்ணினேன், இங்கே எழுத மாட்டேன். மெஷின் பொய் சொல்லவில்லை, ரத்தம் குறைவுதான். ஏன் குறைகிறது என்று யாரும் கேட்கவில்லை. நூறு சட்டைக்கு எண்பது இருக்கிறது என்றால் மீதி எங்கே போனது, ஏன் கிழிந்தது என்று ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டாமா? நான் அதைத்தானே இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இன்று இவ்வளவு போதும் என்று நேற்று பேனாவை மூடிவிட்டேன். இன்றைக்கு எழுதுவதுதான் கஷ்டம்.

அந்தத் திங்கட்கிழமை அவள் பள்ளியில் ஓட்டப்பந்தயம். மழையில் ஓடவிட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் முதுகும் தொடையும் வலிக்கிறது என்றாள். எங்களுக்கு அன்றைக்குச் சரக்கு ஏற்றுகிற நாள். "இன்னைக்கு ஷோ கிடையாதும்மா, கிளம்பு" என்றேன். சிரிக்கக் கூட இல்லை. உனக்குத்தான் தெரியுமே, என் கிண்டலுக்கு ஒன்று சிரிப்பாள், இல்லையென்றால் என்னைவிடப் பெரிதாக ஒன்று திருப்பிப் போடுவாள். அன்று சும்மா படுத்திருந்தாள். அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

சாயங்காலம் கிளினிக்குக் கூட்டிப் போனேன். உள்ளே நுழையும்போதே, "டாக்டர், எங்க வீட்டு நடிகை வந்திருக்காங்க, இன்னைக்கு முதுகுவலி சீன்" என்றேன். டாக்டர் சிரித்தார். நர்ஸும் சிரித்தாள். நான் எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் வந்ததில்லை, அப்படி ஒரு பெருமை எனக்கு. டாக்டர் அவள் நாக்கைப் பார்த்தார், ஒரு சத்து ஊசி போட்டார், சீட்டில் என்னமோ எழுதினார். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் கொதித்தது. மூச்சு விட்டால் நெஞ்சில் குத்துகிறது என்றாள். அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார். பெரிய ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியில் படுக்க வைத்து, ரத்தம் எடுத்துக் கீழே லேபுக்கு அனுப்பினார்கள். லேபில் ஒரு பெண் இருக்கிறாள். உன் வயதுதான் இருக்கும். கண்ணாடி இருக்கிறதே, பாட்டில் அடிப்பாகம் மாதிரி அவ்வளவு தடிமன். பார்த்த உடனே மனசுக்குள் பேர் வைத்துவிட்டேன், சோடாபுட்டி என்று. அந்த நேரத்திலும் என் புத்தி அப்படி. அந்தச் சோடாபுட்டிதான் கண்டுபிடித்தாள், பெரியவனே. கண் நன்றாகத் தெரிகிற நாங்கள் இத்தனை பேர் பதின்மூன்று வருஷம் பார்க்காததை.

அவளிடம் யாரும் கேட்கவில்லை. ரத்தம் எவ்வளவு என்று எண்ணச் சொல்லித்தான் சீட்டு போயிருக்கிறது. மெஷின் எண்ணிக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த எண்களைப் பார்த்தால் சும்மா இரும்புச்சத்து குறைவு மாதிரித் தெரியவில்லையாம், மனசு ஒப்பவில்லையாம். தானாகவே ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் மெல்லிசாக இழுத்துவிட்டு, காயவைத்து, ஊதா மையில் தோய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடி ஓடி வந்தாள். வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டே டாக்டரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன், ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். ஆக்சிஜன், டிரிப், ரத்தம், வலிக்கு மருந்து. சின்னவளுக்கு முதல்முறையாக வலிக்கு உண்டான மருந்தைக் கொடுத்தார்கள்.

மறுநாள் நான் லேபுக்கு இறங்கிப் போய், எனக்கும் காட்டு தாயே என்று கேட்டேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வட்டவட்டமாக, நடுவில் வெளுத்து, நாம் தைக்கிற பட்டன் மாதிரி நிறைய. அதுதான் ரத்தத்தின் சிவப்பு அணுவாம், எல்லோருக்கும் அப்படித்தான் இருக்குமாம். அதற்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக, நகம் வெட்டிப் போட்ட மாதிரி வளைந்து, இரண்டு முனையும் கூராக. ஒன்று இரண்டு இல்லை. செக்கிங் மேசையில் அப்படி வந்திருந்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பியிருப்பேன். "இதுங்கதான் சின்ன சின்ன ரத்தக்குழாயில போய்ச் சிக்கிக்கும்மா. சிக்கின இடத்துக்குக் கீழ ரத்தம் போகாது. எலும்புக்குள்ள அடிச்சு உடைக்கிற மாதிரி வலிக்கும். பெரியவங்களே தாங்க மாட்டாங்க" என்றாள். பிறவியிலேயே வருவதாம். அம்மாவிடமிருந்து ஒரு பங்கு, அப்பாவிடமிருந்து ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்தால்தான் இப்படி ஆகுமாம். குழந்தையில் விரல் வீங்கினதா என்று அவளாகவே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

முன்னாடியே யாராவது இப்படி ஒரு சொட்டை வைத்துப் பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவள் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மத்தியானம் வார்டுக்குப் பெரிய டாக்டர் வந்தார். பழைய சீட்டெல்லாம் கேட்டார். பையோடு கொடுத்தேன். கிளினிக் சீட்டை எடுத்துக் கூட இருந்த டாக்டர்களுக்கு உரக்க வாசித்தார். "முதுகுவலி என்கிறாள். பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிப்பதாகத் தாய் கூறுகிறார்." நான் சிரிக்க வைக்கச் சொன்னது அங்கே எழுத்தாக உட்கார்ந்திருந்தது. கிளினிக் டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதியது அதைத்தான். சின்னவள் கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். எல்லாம் கேட்டாள்.

அவர்கள் போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்போ நான் நடிக்கலதானேம்மா?" என்றாள். அவளுக்கே சந்தேகம் இருந்திருக்கிறது, பெரியவனே. அத்தனை வலியிலும், ஒருவேளை நாம்தான் நடிக்கிறோமோ என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அப்படி நினைக்க வைத்திருந்தோம்.

இல்லடி தங்கம் என்றேன். நான் சொன்னது போதவில்லை. "அது எழுதியிருக்குல்ல. இதையும் எழுதித் தரச் சொல்லு" என்றாள். யாரிடம் கேட்பது? சாயங்காலம் சோடாபுட்டி மறுபடி ரத்தம் எடுக்க வந்தபோது இவளே கேட்டுவிட்டாள். அந்தப் பெண் லேப் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்: "இவள் நடிக்கவில்லை. இவளுடைய வலி உண்மை. நான் கண்ணால் பார்த்தேன்." கையெழுத்தும் போட்டாள். நம் ஆள் விடுவாளா? சீல் இல்லாமல் செல்லாது என்றாள். அந்தப் பெண் நாலு மாடி இறங்கிப் போய் சீல் குத்திக்கொண்டு வந்தாள்.

அந்த ஒரு நாள் முழுக்க வார்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாள். நர்ஸுக்கு, தரை துடைக்கிற அக்காவுக்கு, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு. ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "படிச்சுப் பாருங்க, சீல் இருக்கு" என்பாள். எனக்கு மட்டும் இரண்டு தடவை காட்டினாள். அண்ணனுக்கு அனுப்பு என்றாள். படம் எடுத்து அனுப்பலாம் என்று இருந்தேன், மறுநாள் நெஞ்சில் சளி கட்டி, நுரையீரலுக்குள்ளும் அதே அடைப்பு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, நல்ல வெயில், ஜன்னலெல்லாம் திறந்திருக்க, போய்விட்டாள். அந்தத் தாள் உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டையை மாற்றினால் அதையும் மாற்றிக்கொள்கிறார். கேட்டால் என்னிடம் தரமாட்டேன் என்கிறார். நியாயம்தான்.

இனிமேல் எழுதுவதுதான் முக்கியம். இதற்காகத்தான் இத்தனையும்.

காரியமெல்லாம் முடிந்து நானும் அப்பாவும் லேபுக்குப் போய்க் கையை நீட்டினோம். எங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் அந்தப் பெண் கண்ணாடித் துண்டில் இழுத்துப் பார்த்தாள். வட்டவட்டமாக எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்பா ஐந்து நிமிடம் நிம்மதியாக உட்கார்ந்தார். பாவம், அந்த ஐந்து நிமிடத்தை அவரிடமிருந்து பிடுங்கியிருக்க வேண்டாம். ஒரு பங்கு மட்டும் இருக்கிறவர்களுக்குக் கண்ணாடியில் தெரியாமல் போகலாமாம். மடித்துத் தைத்த ஓரத்துக்குள் இருக்கிற பழுது மாதிரி. அதற்கு வேறொரு சோதனை உண்டு, ரத்தத்தில் இருக்கிற சாயத்தையே பிரித்துப் பார்ப்பது. அதில் இரண்டு பேருக்கும் இருந்தது. சின்னவளுக்குக் கண்ணாடியில் பார்த்திருக்காவிட்டால் இந்தச் சோதனை வேண்டும் என்று யாருக்கும் தோன்றியே இருக்காது, சாதாரணக் காய்ச்சல் என்று எழுதிப் புதைத்திருப்போம் என்றார் அப்பா. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது நீ யோசி. எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தால் உனக்கும் ஒரு பங்கு இருக்கலாம். நீ கட்டியிருப்பது அப்பாவின் தங்கச்சி மகளை. அப்பாவுக்கு இருப்பது அவர் தங்கச்சிக்கும் இருக்கலாம், அங்கிருந்து மருமகளுக்கும் வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் இருந்துவிட்டால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் என்றாள் அந்தப் பெண்.

உன் அத்தையிடம் சொன்னேன். ஆடித் தீர்த்துவிட்டாள். பிள்ளைத்தாச்சிப் பெண்ணிடம் போய் இதைச் சொல்வியா, என் ரத்தம் சுத்தம், என் கலரைப் பார், உன் பக்கத்து வியாதியை எங்கள் மேல் ஒட்டாதே என்று. நானும் விடவில்லை, கலரைப் பார்த்து ரத்தம் சொல்வதென்றால் ஆஸ்பத்திரியில் பெயிண்டரை வேலைக்கு வைத்திருப்பார்களே என்றேன். பெரிய சண்டையாகியிருக்கும். அப்பாதான் எழுந்து வந்து, "நீயும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே. என்கிட்ட இருக்கு. உன்கிட்ட இல்லைன்னு நீ எப்படிச் சொல்ற?" என்றார். அத்தை அழுதுவிட்டாள். ஆனாலும் மகளிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. நீயும் பேசவில்லை. பரவாயில்லை, எனக்கு இப்போது அப்பாவின் மௌனமே நன்றாகப் பழகிவிட்டது.

மருமகளைப் பயமுறுத்தாமல், பக்குவமாகச் சொல். பயப்பட ஒன்றும் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னாலேயே தெரிந்துவிட்டால், பிறந்த சில வாரத்திலிருந்தே மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வைத்து, குளிரில் விடாமல், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஓடிப் போய்க் காப்பாற்றலாமாம். அப்படி வளர்ந்து கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று நான் பஸ்ஸில் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

இதோடு மூன்று தாள் வைத்திருக்கிறேன், சின்னவளுடைய ரிப்போர்ட்டின் நகல், என்னுடையது, அப்பாவுடையது. டாக்டரிடம் காட்டு. எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது, கண்ணாடியில் ஒரு சொட்டை இழுத்து ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அது சுத்தமாக இருந்தாலும் விடாமல் அடுத்த சோதனையும் வேண்டும் என்று சொல். உங்கள் இருவருக்கும். இந்த வாரமே. உங்கம்மாவுக்குப் பைத்தியம் என்று சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டு.

என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். வேலைக்குப் போகிறேன், சட்டை மடிக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிக்க ஏதாவது சொல்லுக்கா என்கிறார்கள். வாய் திறந்தால் வருகிறது, மூடிக்கொள்கிறேன்.

நீயும் அவளும் நிறைய நாள், நிறைய வருஷம் நல்லாயிருக்க வேண்டும். குழந்தை சுகமாகப் பிறக்க வேண்டும். அதற்குப் பேச்சு வந்து, இங்கே வலிக்கிறதுப்பா என்று ஓர் இடத்தைக் காட்டினால், அந்த இடத்தில் கை வைக்கிற அப்பாவாக நீ இருக்க வேண்டும். இருப்பாய். அந்தக் குணத்தை நீ உன் அப்பாவிடமிருந்து எடுத்திருக்கிறாய்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். சோதனைத் தாள் வந்ததும் அப்பாவின் போனுக்குப் படம் அனுப்பு. அவர் பார்க்கும்போது நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா